நாலு பேருக்கு வடித்த சோறு

வெண்ணிலா நன்றாகச் சமைப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் நாலு பேருக்குச் சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்து, பாத்திரத்தையும் கழுவிப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடத் தெரியும் அவளுக்கு. அவ்வளவுதான். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. அவளைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவள் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தின்றவள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கோர்ட்டில் பொய் சொன்னவளும் நான்தான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1996 ஜூனில் கோலார் தங்கவயலில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேர்ந்தோம். வெண்ணிலா ஸ்கெலட்டன் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசைவீட்டுப் பெண். அப்பா அசோகன் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர், அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். முன்னறையில் ஒரு புத்தர் படம், அதற்குக் கீழே அசோகனின் ஹெல்மெட், அதற்குக் கீழே பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் டியூஷன் எடுக்கிற கரும்பலகை. நான் ஜானகி. என் அப்பா இயந்திரத் தொழிற்சாலை வேலைக்காகத் திருச்சியிலிருந்து வந்தவர். நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வினய் பங்காருபேட்டைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ரயிலில் வருகிற கன்னடப் பையன். பிரேம் எங்கள் ஊரிலேயே நந்திதுர்க் பக்கத்து ஆள்.

காலை வகுப்பு பன்னிரண்டுக்கு முடியும். லேப் ஒன்றேகாலுக்கு. முதல் வருடம் ஆகஸ்டில் ஒருநாள், கையில் பியூரெட்டோடு வினய் அப்படியே சரிந்து விழுந்தான். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன், சாயங்காலம் வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தோம். வெண்ணிலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க வூடு பன்னண்டு நிமிஷம். கஞ்சி இருக்குது. வந்து துன்னுட்டு வா."

அவன் தனியாகப் போகக் கூச்சப்பட்டதால் பிரேமும் நானும் கூடப் போனோம். மறுநாளும் போனோம். அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பன்னிரண்டு அடித்தால் நாலு பேரும் நடக்கத் தொடங்கிவிடுவோம்.

ஆளுக்கொன்று கொண்டுவருவோம். வினய் ராகி மாவும் தக்காளியும் கொண்டுவருவான், மார்கழி வந்தால் அவரைக்காய். பிரேம் கருவாடு கொண்டுவருவான், சில நாள் மாட்டுக்கறி. கறியை வெண்ணிலா தனிச் சட்டியில் வைப்பாள், வினய் அதைச் சாப்பிட மாட்டான் என்பதற்காக. நான் அம்மாவின் டப்பாவிலிருந்து சாம்பார் பொடி திருடுவேன். திருட வேண்டியிருந்தது. "மைன்ஸ் லைன் பக்கம்லாம் போய்ச் சாப்பிடறியாமே, இனிமே கேள்விப்பட்டேன்னா காலை உடைப்பேன்" என்று அம்மா ஒருமுறை சொன்னாள். ஏன் கூடாது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குமே காரணம் தெரியும்.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பம்ப் அடிப்பது பிரேம், வெங்காயம் நான், தட்டுக் கழுவுவது வினய். சோற்றுப் பானையை மட்டும் வெண்ணிலா யாரிடமும் விடமாட்டாள். காலையில் ஐந்துக்குக் குழாயடி, ஆறுக்கு டைப்ரைட்டிங் வகுப்பு, சாயங்காலம் டியூஷன், அதற்கு மேல் படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் அடுப்பின் முன்னால் அசையாமல் நிற்பாள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவளுக்குக் கோபமே வராது என்றுதான் நினைத்திருந்தோம்.

பிரேமின் அண்ணன் அந்தோணிக்கு அதற்கு நேர் எதிரான பெயர். 1997 ஆகஸ்டில் நந்திதுர்க் சாராயக்கடையில் எவனுடனோ சண்டை போட்டு, உடைந்த பாட்டிலால் அவன் கன்னத்தைக் காதிலிருந்து வாய் வரை கிழித்துவிட்டான். கிழிபட்டவன் ஒரு கும்பலைச் சேர்ந்தவன். அந்தோணி தலைமறைவாகிவிட்டான். அவன் கிடைக்காததால் தம்பியைத் தேடுகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிரேமிடம் கேட்டோம்.

"என்னை இன்னாத்துக்கு தேடப் போறானுங்க? நான் அவனோட பேசியே ஆறு மாசம் ஆவுது" என்றான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. மணி பன்னிரண்டு நாற்பது இருக்கும். பின்கட்டு அடுக்களையில் வெண்ணிலா நின்றாள். முக்கால் கிலோ அரிசி பொங்கி வெந்து, கஞ்சி வடிக்கிற பதத்தில் இருந்தது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். தயிர் வாங்கப் பிரேம் கடைக்குப் போயிருந்தான். முன்னறையில் வினய் செய்தித்தாளை விரித்துத் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான். நடுக்கதவு திறந்திருந்ததால் இருந்த இடத்திலிருந்தே எனக்கு அவன் முதுகு தெரிந்தது.

மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் வாசலில் நின்றுவிட்டான். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள், முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். உள்ளே வந்த இருவர் கையிலும் லாங் இருந்தது. எங்கள் ஊரில் நீளமான வெட்டுக்கத்தியை அப்படித்தான் சொல்வோம்.

"பிரேம் எங்கடா?"

வினய்க்கு ஒன்றும் புரியவில்லை. கத்தியை அவன் பார்த்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னான்: "ஈக பர்த்தானே அண்ணா, இப்ப வந்துருவான். குந்துங்க. ஊட்டா மாட்றீரா?"

சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான்.

"இவனும் அவன்கூட துன்றவன்தான்டா" என்றான் ஒருவன். கத்தி இறங்கியது. வினய் கையிலிருந்த தட்டைத் தூக்கித் தடுத்தான். அலுமினியத் தட்டின் விளிம்பை வெட்டிக்கொண்டு அது அவன் வலது கையில் இறங்கியது. தட்டு விழுந்த சத்தம்தான் கேட்டது, அவன் கத்தவில்லை. இரண்டாவது வெட்டு தோளில். முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். கரும்பலகையில் ரத்தம் தெறித்து, அதிலிருந்த வாய்ப்பாடு கரைந்து வழிந்தது.

நான் விறகு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். எப்படிப் போனேன், எப்போது போனேன் என்று நினைவில்லை. கையில் தக்காளி நறுக்கிய கத்தி இருந்தது. அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். மூடுவதற்கு முன் பார்த்தது வெண்ணிலாவின் முதுகு. கரித்துணியால் குண்டானை இரண்டு பக்கமும் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கினாள், வழக்கமாக வடிக்க இறக்குவது போலவேதான். பிறகு நடுக்கதவைத் தாண்டிப் போனாள்.

அந்த அலறல் வினயுடையது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது மூன்றாவது வெட்டுக்குக் கை ஓங்கியிருந்தவன் தரையில் புரண்டுகொண்டிருந்தான். கொதிக்கிற கஞ்சியும் சோறும் மொத்தமாக அவன் முகத்திலும் கழுத்திலும் கவிழ்ந்திருந்தன. இரண்டு கையாலும் முகத்தை வழித்தான். வழித்த இடத்தில் தோலும் சேர்ந்து வந்தது. அடுத்தவன் வெண்ணிலா மேல் பாய்ந்தான். காலிக் குண்டான் இன்னும் அவள் கையில் இருந்தது. அதால் அவன் மூக்கில் ஒன்று போட்டாள். மறுபடி போட்டாள். கத்தியைப் போட்டுவிட்டு அவன் வெளியே ஓடினான். வாசலில் நின்றவன் அதற்கு முன்பே ஓடியிருந்தான்.

தரையில் கிடந்தவனின் கைக்குட்டை கழன்றிருந்தது. வெண்ணிலா குனிந்து பார்த்தாள்.

"ஏனோக்கு," என்றாள். "டேய் ஏனோக்கு."

நாலு வீடு தள்ளி இருக்கிற மரியகுழந்தை அக்காவின் மகன். நாலாம் வகுப்பு வரை இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மரியகுழந்தையின் புருஷன் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்த வருடம் முழுக்க, ஏனோக் மத்தியானச் சோறு தின்றது வெண்ணிலா வீட்டில்தான். அவன் எப்போது அந்தக் கும்பலில் சேர்ந்தான் என்று லைனில் யாருக்கும் தெரியாது.

லைன் முழுக்கக் கூடிவிட்டது. வினயைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். அவன் விரல்கள் மூன்று பாதிக்கு மேல் இல்லை. வெட்டுப்பட்ட துண்டுகளை வெண்ணிலா சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவிலிருந்து பொறுக்கி, டம்ளரில் போட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் அவற்றை ஒட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தயிர்ப் பாக்கெட்டோடு வந்த பிரேம் தெருமுனையிலேயே நின்றான். ரத்தத்தைப் பார்த்தான், திரும்பி ஓடினான். அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மரியகுழந்தை ஓடிவந்து மகன் முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் அழவில்லை. ஒரு குடம் தண்ணீரை எடுத்து மெதுவாக அவன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த சோறு போகவில்லை. அவன் இடது கண் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டின் மேல் கும்பல் எறிகிற கல் விழாத வாரம் இல்லை. தகரக் கூரை, பள்ளம் பள்ளமாக நசுங்கிப்போயிற்று. அக்டோபரில் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்துகொண்டிருந்த அசோகனைச் சுரங்கவாயில் ஷாஃப்ட் ரோட்டில் மறித்து, சைக்கிள் செயினால் அடித்துக் காறை எலும்பை முறித்தார்கள். வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர், "ரெண்டு பக்கமும் காயம் இருக்குதும்மா, அவனும் உன் மேல கேஸ் குடுத்துருக்கான். பேசாம ராஜியாப் போய்டுங்க" என்று அறிவுரை சொன்னார். வெண்ணிலாவின் அம்மாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. கட்டோடு கட்டிலில் கிடந்த அசோகன்தான் மகளைக் கூப்பிட்டார்.

"நீ இன்னா சொல்ற?"

"நான் பாத்தத சொல்லுவேன் நைனா."

"அப்ப சொல்லு" என்றார். 

சம்பவம் நடந்து பதினொன்றாம் நாள் அவள் கல்லூரிக்கு வந்தாள். என்னைப் பார்த்து, "நாளைக்கு வா. கீரை வாங்கி வெச்சிருக்கேன்" என்றாள். நான் போகவில்லை. அம்மா தடுத்தாள் என்று சொன்னேன். அம்மா தடுத்தது உண்மைதான். ஆனால் முன்பும்தானே தடுத்திருந்தாள். அந்த அறையின் தரையில் உட்கார என்னால் முடியாது என்பதுதான் விஷயம். அடுத்த நாளிலிருந்து அவள் டிபன் பாக்ஸில் சோறு கட்டிவந்து லேபுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்காருவாள். மூடியில் பாதியைப் போட்டு என் பக்கம் தள்ளுவாள். இரண்டு பேரும் தின்போம்.  வினய் அந்த வருடம் கல்லூரிக்கு வரவில்லை.

அடுத்த வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அந்தோணியை மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு வெளியே வெட்டிப் போட்டார்கள். அடக்கத்துக்கு வந்த பிரேம் வெண்ணிலா வீட்டு வாசல்வரை வந்தான். "உள்ள வாடா" என்றாள் அவள். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான். இப்போது சென்னையில் இருக்கிறான் என்கிறார்கள்.

கேஸ் கோலார் கோர்ட்டுக்கு வர 1999 நவம்பர் ஆயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்பு தொழிற்சாலை கேட்டில் இரண்டு பேர் அப்பாவை நிறுத்தி, "பொண்ணு எத்தன மணி பஸ்ல போவுதுன்னு தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா என்னை உட்கார வைத்துப் பேசினார். திட்டவில்லை, அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஏனோக் எதிரே நின்றான். இடது பக்க முகம் முழுக்க உருகி இறுகிய மெழுகு போல இருந்தது. இவன்தானா என்று கேட்டார்கள்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேன். முகம் பாக்கலை" என்றேன்.

முதல் வாக்கியம் உண்மை. அதற்கு முந்தின நாள் வினயும் இதையேதான் சொல்லியிருந்தான். மயங்கிவிட்டதால் தெரியவில்லை என்று. அவன் அப்பாவைத் தேடியும் கிராமத்துக்கு ஆட்கள் போயிருந்தார்கள்.

எனக்கடுத்து வெண்ணிலா. என் சாட்சி முடிந்ததால் என்னை உள்ளேயே ஒரு பெஞ்சில் உட்காரவிட்டார்கள். ஏனோக் கத்தியே கொண்டுவரவில்லை, பிரேமைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தான், வெட்டியது வேறு யாரோ, பழைய குழாயடிப் பகையில் இவள் வேண்டுமென்றே கஞ்சியை ஊற்றினாள் என்பது அவன் தரப்பு. அவன் வக்கீல் வயதானவர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"எவ்வளவு அரிசி வைத்தாய்?"

"முக்கால் கிலோ சார்."

"நாலு பேருக்கு முக்கால் கிலோவா? அடுப்பில் இருந்தது சோற்றுக்கா, இல்லை யார் மேலாவது ஊற்றவா?"

"சோத்துக்கு சார். வினய் ரெண்டு வாட்டி போட்டுப்பான்."

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

"முகத்தைக் குறி பார்த்து ஊற்றினாயா?"

அரசு வக்கீல் அவசரமாக எழுந்தார். அதற்குள் அவள் பதில் சொல்லிவிட்டாள்.

"ஆமாம் சார். ஒடம்பு மேல ஊத்துனா ஒதறிட்டு மறுபடி வெட்டுவான்னு தோணுச்சு."

"நீங்கள் பௌத்தக் குடும்பம். உயிர்க்கொலை கூடாது என்பதுதானே உங்கள் முதல் சீலம்?"

"ஆமாம் சார்."

"பிறகு?"

"யாரும் சாவலையே சார்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "வினயும் சாவல" என்றாள்.

அவர் காகிதத்தைப் புரட்டினார். "வெட்டுப்பட்டவனுக்கே வெட்டியவனைத் தெரியவில்லை. உன் கூடவே இருந்த தோழி, இதோ உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

வெண்ணிலா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவள் முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடைக்குப் போய்க் கேட்ட சாமான் இல்லை என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்தாள். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பினாள்.

"நாலாங் கிளாஸ் வரைக்கும் எம் பக்கத்துல குந்தினு இருந்தவன் சார். எனக்குத் தெரியாதா?"

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஊர் தாண்டியதும் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். எலுமிச்சைச் சாதம், இரண்டு பேருக்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"துன்னு ஜானு. வயிறு இன்னா பண்ணுச்சு?"

ஒரு கவளம் தின்றுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். அவள் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு என்னுடையதை மூடி வைத்தாள். 

2000 பிப்ரவரியில் தீர்ப்பு. ஏனோக்குக்கு ஐந்து வருடம். மற்ற இரண்டு பேரும் விடுதலை. தற்காப்பு என்று சொல்லி வெண்ணிலா மேலிருந்த கேஸைத் தள்ளிவிட்டார்கள். நியாயம் கிடைத்தது என்று லைனில் சிலர் சொன்னார்கள். அன்று சாயங்காலம் வெண்ணிலா குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். அங்கே நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். அவளே சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

வரிசையில் மரியகுழந்தை நின்றிருந்தாள். இரண்டரை வருடமாக அவர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மரியகுழந்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து வெண்ணிலாவின் கன்னத்தில் அறைந்தாள். "என் புள்ள கண்ணயும் துன்ன, இப்ப அவனயே துன்னுட்டியேடி" என்றாள். மறுபடி அறைந்தாள்.

வெண்ணிலா அவள் தலைமுடியைப் பிடித்தாள். ஐம்பது வயதுப் பெண்ணைத் தரையில் தள்ளி, நெஞ்சில் முட்டியை வைத்து, முகத்தில் குத்தினாள். குழாய்மேடை சிமெண்டில் அவள் தலையைப் பிடித்து மோதினாள். மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. வெண்ணிலாவின் அம்மா ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தபோது இவள் கையில் ஒரு கொத்து நரைமுடி இருந்தது. மரியகுழந்தைக்கு இரண்டு பல் போயிற்று. காதிலிருந்து ரத்தம் வந்தது.

இரண்டு நாள் கழித்து வெண்ணிலா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. அம்மா வாசலிலேயே நின்று பார்த்தாள். நான் வெளியே போய் அவளோடு ரோட்டில் நடந்தேன்.

"அன்னிக்கு கஞ்சி ஊத்துனப்ப எனக்குக் கோவமே இல்ல ஜானு" என்றாள். " செய்யவேண்டியத செஞ்சேன். அதனால நான் நல்லவ, எம்மேல தப்பில்லன்னு நெனச்சிகினே இருந்தேன். கோர்ட்லயும் அதான் தெம்பு. இப்ப அப்படி இல்ல. அந்தக்கா கத்துறத கேட்டுகினே குத்துனேன். நிறுத்தணும்னு தோணல." நின்றாள். "நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்குது."

 "அவதானே முதல்ல அடிச்சா" என்றேன்.

"ஆமாம். எல்லாரும் அதான் சொல்றாங்க."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மரியகுழந்தை வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள்.  அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முகமெல்லாம் வீங்கிக் கன்றியிருந்த மரியகுழந்தை, "போ" என்றாள். அவ்வளவுதான். மறுபடி ஒருநாள் போனபோதும் அதே வார்த்தை. மூன்றாம் முறை கதவே திறக்கவில்லை. ஏப்ரலில் பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்து வெண்ணிலா போய்விட்டாள்.

2001 மார்ச்சில் சுரங்கத்தை மூடினார்கள். அசோகன் மூன்று நாள் மற்றவர்களோடு ஷாஃப்ட் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கும்பலில் பாதிப் பேர் வேலை தேடி ஓசூர், பெங்களூர் என்று போனார்கள். கல் விழுவது அதற்கு முன்பே நின்றிருந்தது.

அந்த வருடம் ஆகஸ்டில் வெண்ணிலா ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் பெங்களூர் ஜெயிலுக்குப் போய், மனுப்போட்டு, ஏனோக்கைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் அவளை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்றாம்.

"இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டிருக்கிறான்.

"உங்கம்மாவ நான் அடிச்சேன். பல்லு போச்சு, ஒரு காதுல சரியா கேக்கறதில்ல. நீ வெளிய வந்து வேற யாராவது சொல்லி கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்."

ஏனோக் கம்பியை நெருங்கி வந்தான். பிறகு, "அம்மா குழாயடில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லுச்சு" என்றான்.

ஒன்றரை வருடமாக, மாதம் ஒருமுறை மகனைப் பார்க்கப் போன மரியகுழந்தை ஒரு தடவைகூட உண்மையைச் சொல்லவில்லை. லைனிலிருந்து அவனைப் பார்க்கப் போகிறவர்களிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அது வெண்ணிலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வெளிய வந்தா மொதல்ல உன்னத்தான் வெட்டணும்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான் ஏனோக்.

"இப்ப?"

"தெரியல. இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்குது." எழுந்தான். "அம்மாகிட்ட நீ சொன்னத நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாத. அது சொன்னது அப்படியே இருக்கட்டும்."

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது அந்த வருடம் அக்டோபரில், பெங்களூரில் அவள் அறையில். கூட வேலை பார்க்கிற ஃப்ளோரா, ஐடா என்று இரண்டு பெண்களோடு தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். நான் அப்போது எம்.எஸ்சி. முதல் வருடம், ஹாஸ்டலில் இருந்தேன். இரண்டு வருடமாகச் சொல்ல நினைத்து வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"கோர்ட்ல நான் பாத்தேன் வெண்ணிலா. அவன் முகத்தைப் பாத்தேன். தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"மன்னிச்சுடு."

"அது முடியுமான்னு எனக்குத் தெரியல ஜானு. சில நாளு உன் மேல ரொம்ப கோவமா வரும். பஸ்ல போவும்போது, சும்மா இருக்கும்போது. அப்பறம் போயிடும். மறுபடி வரும்." நறுக்கிய பீன்ஸை என் பக்கம் தள்ளினாள். "நீ வராம மட்டும் இருக்காத. வந்தாத்தான் திட்டவாவது முடியும்."

மாடிப்படியில் வினயின் குரல் கேட்டது. டிகிரியை இரண்டு வருடம் தாமதமாக முடித்து இங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவள் கூப்பிட்டு வருகிறான். வெண்ணிலா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டின்னைத் திறந்து இன்னொரு டம்ளர் அளந்து போட்டாள். நான் போய்க் கதவைத் திறந்தேன்.